பாசத்துக்கு என்ன ஆதாரம்?

போன பௌர்ணமியன்று எங்கள் வேங்கிக்கால் தெருவில் கிரிவல பஸ்களின் ஹாரனையும் மீறி ஒரு குரல். பக்கத்து வீட்டு வசந்தி... செல்போனில்.

"கல்யாணக் கூட்டத்துல போய் நின்னீங்கன்னா பாருங்கக்கா! உங்க உடம்புன்னு நெனச்சீங்களா? உள்ள இருக்கறது என் கிட்னி!"

உண்மைதான். அவளுடையதுதான்.

வசந்தியின் கணவர் சேகருக்கு இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது உயிர். கொடுக்க வசந்தி தயார். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்த பெரியவர்கள் ரத்த குரூப்பை மட்டும் பார்க்கவில்லையே! சேரவில்லை.

அதே ஆஸ்பத்திரியில், வந்தவாசிப் பக்கத்து ஜைன விவசாயி ஒருவர். மனைவி பத்மாவதிக்குத் தன் கிட்னியைக் கொடுக்க வந்தவர். அங்கேயும் சேரவில்லை. மாற்றிப் போட்டால்? அவருடையது சேகருக்கு, வசந்தியுடையது பத்மாவதிக்கு. கச்சிதம்!

டாக்டர்களுக்குச் சரி. சட்டத்துக்கு? நெருங்கிய சொந்தம் இல்லாதவர் கொடுத்தால், பாசத்தால்தான் கொடுக்கிறார் என்று உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டி நம்ப வேண்டும். காசுக்காகக் கிட்னி புரோக்கர் கூட்டிவரும் ஆள் ஆல்பம் ஆல்பமாகப் பாசம் காட்டுவான். இவர்களிடம் ஏது?

கலெக்டர் ஆபீசில் காலம் தள்ளிய எனக்கா வழி தெரியாது? "'கூடப் பிறந்த அக்கா மாதிரி'ன்னு சொல்லும்மா. அதுக்கு மேல வாயத் தொறக்காதே" என்று வசந்தியைத் தயார்செய்து அனுப்பினேன். கமிட்டி அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே சேகரும் நானும்.

"அந்தம்மா மேல உங்களுக்கு என்ன பாசம்?" என்றார் தலைவர்.

"பாசமா? போன வாரந்தாங்க மொகத்தயே பார்த்தேன்."

சேகர் கண்ணை மூடிக்கொண்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"அப்புறம் எதுக்கும்மா குடுக்கறீங்க?"

"நான் குடுத்தாதானேங்க அவங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரருக்குக் குடுப்பாரு? அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவருக்கு ஏதுங்க கதி? அவங்க நல்லா இருக்கணும்னு என்னவிட ஜாஸ்தி யாருங்க வேண்டிக்குவாங்க?"

தலைவர் ஃபைலை இழுத்துக்கொண்டார். அப்புறம் பேனா உரசும் சத்தம்... கையெழுத்து!

ஒரே நாளில் நான்கு பேருக்கும் ஆபரேஷன். நால்வரும் நலம். சேகர் இப்போது ரேஷன் கடைக் க்யூவில் என்னையே முந்துகிறார்.

வசந்தி நேற்றும் பத்மாவதிக்குப் போன் போட்டாள். "மாத்திர போட்டீங்களா? மூச்... பொய் சொல்லாதீங்கக்கா, குரல்லயே தெரியுது!"

இப்போது பாசம் ஏகத்துக்கு இருக்கிறது. கேட்கத்தான் கமிட்டி இல்லை.