மூன்று ஏழானது

நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பேர் ஹீட்டர். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே ஜன்னலில்லாத அறை, அதே இரைச்சல். கோபம் வந்தால் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பாள். அதைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது சர்வர் வாங்கும்போது, பிழை திருத்தும் மெமரிதான் வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். பர்ச்சேஸ் மேனேஜர் சாதாரண மெமரி போட்டதை வாங்கி இறக்கினார். நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ரெண்டும் அதே அளவுதானே மேடம்? அதுல என்ன தங்கமா பூசியிருக்கு?"

"சார், மெமரிக்குள்ள எல்லாமே பூஜ்யம், ஒண்ணு. அதுல ஒண்ணு மாறிப்போனா, நான் கேட்டது கண்டுபிடிச்சுத் திருத்திக்கும். நீங்க வாங்கினது தப்பை அப்படியே தூக்கிக் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கும்."

"இங்க எப்பவாவது அப்படி நடந்திருக்கா?"

"நடந்தா எப்படித் தெரியும்? இந்த மெமரிதான் வாயே திறக்காதே!"

அவர் சிரித்துவிட்டு போனை எடுத்தார். அவள் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் அவள் நாத்தனாரும் வேலை பார்த்தாள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு கல்யாண வீட்டில் வார்த்தை தடித்துப்போய், இரண்டு வருடமாகப் பேச்சில்லை. லிஃப்டில் சேர்ந்து போக நேர்ந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் நாத்தனார் சர்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, சத்தியமா நான் அதைத் தொடவே இல்ல."

ஒரு பஸ் டிரைவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 3.9 இருந்தது. கருவியின் காகிதச் சுருளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. வார்டுக் கம்ப்யூட்டரிலோ 7.9. அதைப் பார்த்த டாக்டர் பதறிப்போய், பொட்டாசியத்தை இறக்கும் மருந்தை ஏற்றிவிட்டார். இல்லாத வியாதிக்கு வைத்தியம். இதயத் துடிப்பு தாறுமாறாகி, அந்த மனிதர் இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். கருவியும் சரி, கம்ப்யூட்டரும் சரி, நடுவில் இருந்தவள்தான் கை வைத்திருக்கிறாள் என்று நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஹீட்டர் கண்ணாடியைக் கழற்றினாள். வெகுநேரம் துடைத்தாள்.

"முதல்ல உக்காரு. தண்ணி குடி."

சர்வரை நிறுத்திச் சோதிக்க அனுமதி கேட்டாள். "விசாரணை முடியட்டும் மேடம், இப்ப எதையும் நோண்டாதீங்க" என்றார் பர்ச்சேஸ் மேனேஜர். அவள் அங்கிருந்து பரிசோதனைக் கூடத்துக்குப் போய், "இன்னைக்கு ரிசல்ட் எல்லாம் பேப்பர்ல எழுதிக் கொடுங்க, சர்வர் ஓடாது" என்று சொல்லிவிட்டு வந்து, தன் பொறுப்பில் அதை நிறுத்தினாள்.

சோதனை எளிமையானது. மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யத்தை எழுத வேண்டும், திரும்பப் படிக்க வேண்டும். பிறகு ஒன்றை எழுதிப் படிக்க வேண்டும். முதல் சுற்றில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நாத்தனார் மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மெமரி சூடேறிய பிறகு, மூன்றாவது சுற்றில் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. பூஜ்யம் எழுதினாலும் ஒன்று என்றே சாதித்தது ஓரிடம், ஒரே ஒரு பிட். நாலாவது சுற்றிலும் அதே இடம்.

அந்த வரியை அச்செடுத்த தாளோடு விசாரணைக் குழு முன்னால் நின்றாள்.

"ஒரே ஒரு பிட்டா?" என்றார் தலைமை மருத்துவர்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். கம்ப்யூட்டருக்கு மூணுக்கும் ஏழுக்கும் அந்த ஒரு பிட்தான் வித்தியாசம். சூடேறிட்டா இந்த இடம் ஒண்ணாவே நிக்குது. இங்க வந்து விழுற மூணு ஏழாத்தான் வெளிய போகும்."

"முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியாதா?"

"நான் கேட்ட மெமரில அறுபத்துநாலு பிட்டுக்கு எட்டு பிட் காவல் இருக்கும் சார். ஒண்ணு மாறினா எதுன்னு பார்த்துத் திருப்பிடும். ரெண்டு மாறினா திருத்த முடியாது, ஆனா தப்புன்னு கத்தும். இங்க காவலே இல்ல. திருடன் யாருன்னு கேட்டா, வாசல்ல நின்ன பொண்ணைக் காட்டிட்டீங்க."

மூன்று கடிதங்களின் நகலையும் மேஜையில் வைத்தாள். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் கையெழுத்துக்கு அறிக்கை வந்தது. ‘எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு’ என்று இருந்தது. நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட இல்லை. ஹீட்டர் ‘எதிர்பாராத’ என்பதை அடித்துவிட்டு, ‘மூன்று முறை எழுத்தில் எச்சரிக்கப்பட்ட’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இப்படியெல்லாம் திருத்தக் கூடாது மேடம்" என்றார் அறிக்கை கொண்டுவந்த குமாஸ்தா.

"அப்ப என் கையெழுத்து இல்லாம அனுப்புங்க."

அறிக்கை அவள் எழுதியபடியே போனது. மெமரியை மாற்றினார்கள். டிரைவர் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை நாத்தனார் வேலைக்குத் திரும்பினாள். அவளைக் குற்றம் சொன்ன யாரும் அவளிடம் வந்து பேசவில்லை. பர்ச்சேஸ் மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். தாழ்வாரத்தில் வணக்கம் வைக்கிறார். இன்றுவரை ஹீட்டர் பதில் வணக்கம் வைத்ததில்லை.