ஒந்தே சாக்கு

கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து மைசூருக்கு வந்த புதிதில், என் மாமனார் என்னிடம் பேசுவதே இல்லை. என்னைப் பிடிக்கவில்லையோ என்று மனசுக்குள் மருகினேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் என் ஆபீஸ் வேலை. அதனால் நாலு பேரைக் கேட்டு நல்ல ஆன்டிவைரஸாக வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளிலேயே கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊர்ந்து, ஒருநாள் அசையாமல் நின்றுவிட்டது.

மாமாவும் நானும் அதை ஆட்டோவில் வைத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் கன்னடக்காரர்; தமிழும் கலந்து பேசுவார். பார்த்ததும் சிரித்தார்.

"ரெண்டு ஆன்டிவைரஸ் இருக்கும்மா. ஒண்ணை ஒண்ணு திருடன்னு நெனச்சு சண்டை போடுது. ஒந்தே சாக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஏனுங்க சாக்கு சொல்றேன்? ஒண்ணுதானுங்க போட்டேன்!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "சாக்குன்னா கன்னடத்துல போதும்னு அர்த்தம்மா. ஒண்ணே போதும்கிறார். இன்னொண்ணு நான் போட்டது. இலவசமா கிடைச்சுது. வைரஸ் வந்து உன் வேலை கெட்டுடக் கூடாதேன்னுதான். உன்கிட்டே எப்படிப் பேசறதுன்னு தெரியலை."

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியது அன்றுதான்.

"நான் போட்டதை எடுத்துருங்க. மாமா போட்டதே இருக்கட்டும்" என்றேன் கடைக்காரரிடம்.

இப்போதெல்லாம் சாயங்காலமானால், ஆன்டிவைரஸ் ஓடுகிறதா என்று பார்க்க மாமா வந்துவிடுகிறார். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காபி குடிச்சியாம்மா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். அது தானாகவே ஓடும் என்று நான் சொல்லவில்லை. பேச வருவதற்கு அவருக்கு ஒரு சாக்கு வேண்டும்.

எனக்கு அந்த ஒரு சாக்கே சாக்கு.