கஞ்சி போட்ட வேட்டிகள்

எல்லையில் சண்டை மூண்டபோது எங்கள் சுரங்க டவுன்ஷிப் பிளாக்கில் ஆண்கள் எல்லோரும் தளபதிகள் ஆனார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் ரேடியோ இருந்த வீட்டு வாசலில் கூடி நின்று, டாங்கிகளை இப்படித் திருப்பியிருக்க வேண்டும், அப்படி விட்டிருக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக் குழாய் ஒழுகினால் ஆள் வரும்வரை வாளி வைத்துக் காத்திருப்பவர்கள் அவர்கள். என் கணவர் அந்தச் சண்டையில்தான் இருந்தார். அதை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எதிர் வரிசையில் இருந்த ஆபீஸ் குமாஸ்தா, "அவர் சண்டையா போடறார்? ரிப்பேர்தானே பார்க்கிறார். நீங்க கவலையே படாதீங்க" என்று என்னிடமே சொன்னார். ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

என் கணவர் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, இங்கே சுரங்கத்தின் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தவர். ரிசர்வில் பெயர் இருந்ததால் தந்தி வந்தது, போய்விட்டார். மேற்கே மணற்காட்டில், டாங்கிகளுக்குப் பின்னால் செல்லும் பழுது பார்க்கும் லாரியில் அவருக்கு வேலை. நான் எட்டு மாதக் குழந்தையுடன் குவார்ட்டர்ஸில் இருந்தேன்.

வந்த கடிதத்தில் நலம் விசாரித்த பிறகு இப்படி எழுதியிருந்தார்: "மணல் எல்லாவற்றிலும் புகுந்துவிடுகிறது. பெட்ரோலை ஊற்றும்போது புனலில் துணி கட்டி வடிகட்டுகிறோம். புதுத் துணி என்றால் பஞ்சு உதிர்கிறது. பல வருடம் துவைத்து நைந்த வேட்டிதான் சரி. கிடைத்தால் அனுப்பு. அடைப்பு வந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். நின்ற வண்டி எங்களிடம் வராது, நாங்கள்தான் அதனிடம் போக வேண்டும்."

வண்டி நிற்கும் இடம் குண்டு விழும் இடம் என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் வீட்டில் பழைய வேட்டி இரண்டுதான் இருந்தது. ஆகவே மாதர் சங்கத் தலைவியிடம் போனேன். பெரிய அதிகாரியின் மனைவி. அவர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள், புரட்டாசி வெயிலில், மணற்காட்டுக்கு. என் வேண்டுகோளைக் கேட்டு அவர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். நாலு நாளில் இரண்டு மூட்டை வேட்டி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பிரித்துப் பார்த்தேன். அத்தனையும் நீலம் போட்டு, கஞ்சி போட்டு, பெட்டி போட்டுத் தேய்த்து, அப்பளம் போல் விறைத்திருந்தன. ஒன்றின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கைகூட ஒட்டியிருந்தது. தன் வீட்டுக்காரரின் நைந்த வேட்டியைத் தலைவியம்மாள் அப்படியே பார்ப்பதை எவளும் விரும்பவில்லை. நாட்டுக்காகக் கொடுக்கும்போதும் எதிர்வீட்டுக்காரியை நினைத்துத்தான் கொடுத்தார்கள்.

கஞ்சியினால் என்ன ஆகிவிடும், எனக்கு என்ன தெரியும் என்றும் தோன்றியது. ஒரு வேட்டியின் முனையைப் புனலில் கட்டி மண்ணெண்ணெய் ஊற்றினேன். முதலில் இறங்கவே இல்லை. விரலால் அழுத்தியதும் இறங்கியது. அடியில் இருந்த கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதந்தது.

மறுபடி தலைவியிடம் ஓடி, கஞ்சியை அலசிவிட்டு அனுப்பலாமா என்று கேட்டேன்.

"என்னம்மா இது? பட்டாளத்துக்குக் கசங்கல் துணியா அனுப்பறது? நம்ம டவுன்ஷிப்பைப் பத்தி என்ன நினைப்பாங்க? நாளைக்குச் சாயங்காலம் போட்டோ எடுக்க வராங்க. மடிப்புக் கலையாம கொண்டு வா."

"பெட்ரோல் இறங்காதுங்கம்மா."

"உன் வீட்டுக்காரர் இன்ஜினியரா?"

"இல்லைங்கம்மா."

"அப்புறம் என்ன?"

"சரிங்கம்மா" என்றேன். அந்த அம்மாளைவிட அந்தச் 'சரிங்கம்மா'வைத்தான் நான் இன்றும் அதிகம் இகழ்கிறேன்.

வீட்டுக்கு வந்து, 'துணியை ஒரு தடவை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்' என்று என் கணவருக்கு எழுதத் தொடங்கினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று அவர் முன்பே எழுதியிருந்தார். தாளைக் கிழித்துப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் உள்ள வடக்குத்து கிராமத்துக்காரி, அவள் புருஷனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையிலிருந்து அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தது.

"இன்னா தங்கச்சி, மூட்டையப் பாத்துகினு குந்தியிருக்க?"

சொன்னேன்.

"கஞ்சிய எடுக்கத் தலைவியம்மா எதுக்கு? தண்ணி போதுமே. கொழாயில வந்துகினுதான் இருக்கு. தூக்கு ஒரு முனைய."

"அவங்க கோவிச்சுக்கிட்டா? அவர் வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆளு முழுசா வூடு வந்தாத்தான வேலைக்கே போவாரு?"

குழந்தையைப் பாயில் உட்கார்த்திவிட்டு மதியம் முழுவதும் துவைத்தோம். ஈரக்கையோடு குழந்தையைத் தூக்கித் தூக்கி அதற்குச் சளி பிடிக்குமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சாக்கடை வெள்ளையாக ஓடியது. "இத்த மாட்டுக்கு ஊத்தியிருந்தா ரெண்டு படி கூட கறந்திருக்கும்" என்றாள் அக்கா. கொடியில் போட்டதும் ஓட்டைகளும் ஒட்டுகளும் வாழைக்கறையும் வெளியே வந்தன. பிளாக்குப் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் வந்து, தன் வீட்டு வேட்டியைப் பின்பக்கக் கொடிக்கு மாற்றச் சொன்னாள்.

மறுநாள் தலைவி ஒரு வேட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "இதோட என்னால நிக்க முடியாது" என்று ஸ்வெட்டர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டார். மூட்டைகளை நானும் அக்காவும் சுமந்து போய்த் தபாலில் சேர்த்தோம். அதற்குப் பிறகு வெகுகாலம் தலைவி தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கும் நான் பயந்தேன்.

துணி கிடைத்தது என்று என் கணவர் எழுதியபோது சண்டை நின்று பல நாள் ஆகியிருந்தது. வண்டிகளை இன்னும் இங்கேயே வைத்துப் பழுது பார்த்து ஓட்டிப் பார்க்கிறோம், துணி பயன்படுகிறது என்றார். அதுவரை எதை வைத்து வடிகட்டினீர்கள் என்று கேட்டு எழுதினேன்.

தன் பனியன்களால் என்று பதில் வந்தது. எல்லாவற்றையும் கிழித்தாகிவிட்டதாம்.

அன்றைக்கே நாலு பனியன் வாங்கினேன். போட்டுக்கொள்ள மட்டும் என்று தாளில் எழுதி உள்ளே வைத்துப் பார்சலைத் தைத்தேன். அவர் அதைக் கேட்டிருக்க மாட்டார், அவற்றையும் கிழித்திருப்பார்.