சிரிப்புச் சத்தத்தில் அண்ணன் குரல்

இந்த ஊரில் ஆள் தெரியாமல் சிரிப்பு மட்டும் வரும். வேலை முடிந்து லண்டன் தெருவில் நடந்து வந்தால், ஏதோ ஒரு வீட்டு ஜன்னலுக்குள் பெருங்கூட்டம் கொல்லென்று சிரிக்கும். எட்டிப் பார்த்தால் சோபாவில் ஒரே ஒரு கிழவி, உதடு பிரியாமல் டீ குடித்துக்கொண்டிருப்பாள். சிரிப்பது டெலிவிஷன். காமெடித் தொடர்களை ஜனங்களை எதிரே உட்காரவைத்துப் படம்பிடிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பையும் சேர்த்தே பிடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் சிரிக்கிறவனுக்கு முகம் உண்டு, பக்கத்தில் இருப்பவன் தொடையில் அடித்துச் சிரிப்பான். வந்து பத்து வருஷமாகியும் இந்த ஆளில்லாச் சிரிப்பு எனக்குப் பழகவில்லை. ஆனால் இந்த வருஷம் ஆறு வாரம் அதைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதற்குள் என் அண்ணன் குரல் இருக்கிறதா என்று தேடினேன்.

அண்ணன் அருளப்பன் கப்பலில் வேலை பார்த்தவன். எங்கள் வீடு மெட்ராஸில், ராயபுரம் கல்மண்டபம். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவனையே அமுக்கிவிடும் குரல் அவனுக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் கப்பல் இங்கே வந்து நின்றபோது, நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஸ்டூடியோவுக்கு இலவச டிக்கெட் கொடுத்தார்கள். ஒரு சலவைக்கடையில் நடக்கும் காமெடித் தொடர். வழுக்கைத்தலை முதலாளி சோப்புத் தொட்டியில் குப்புற விழுந்தான். முந்நூறு பேரும் சிரித்து அடங்குகிற நேரம் பார்த்து அண்ணன் எழுந்து நின்றான். ராயபுரத்து சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கத்துவதுபோல, "ஒன்ஸ் மோர்!" என்று ஒரே கத்து.

எனக்கு உயிரே போய்விட்டது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். ஸ்டூடியோ ஆள் ஒருவன் ஓடி வந்து, "மன்னிக்கணும் ஐயா, தப்பு நடந்தால்தான் மறுபடி எடுப்போம். இது சரியாகவே வந்துவிட்டது" என்று பணிவாக விளக்கினான். அண்ணனுக்கு இங்கிலீஷ் அரைகுறை. தன் பாராட்டு மேடைவரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பஸ்ஸில் வரும்போது பிடிபிடியென்று பிடித்தேன். "இன்னாம்மா, நல்லாக்கீதுன்னா நல்லாக்கீதுன்னு சொல்லக்கூடாதா?" என்றான். இது உன் ராயபுரம் இல்லை என்றேன். அப்புறம் கப்பல் ஏறுகிறவரைக்கும் என்னிடம் அதிகம் பேசவில்லை. அந்தத் தொடர் ஒளிபரப்பான அன்று வெட்கத்தில் நான் டெலிவிஷன் பக்கமே போகவில்லை.

ஊருக்குப் போனவனுக்கு மகள் பிறந்தாள், ஸ்டெல்லா. அவளுக்கு ஒரு வயசாகும்போது அண்ணன் தொண்டையில் கட்டி. உயிர் பிழைக்க வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். அவன் சிங்கப்பூரில் வாங்கிய டேப் ரெக்கார்டர் அங்கே வீட்டில் இருக்கிறது. பாவி மனுஷன், அதில் ரேடியோப் பாட்டாகப் பிடித்து வைத்தானே தவிர தன் குரலை ஒரு வார்த்தை பிடித்து வைக்கவில்லை. இந்த வருஷம் வந்த கடிதத்தின் அடியில் ஸ்டெல்லா பென்சிலால் எழுதியிருந்தாள்: "அத்தே, நைனா குரல் எப்டி இருக்கும்?"

அதே வாரம் அந்தப் பழைய சலவைக்கடைத் தொடரை வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மறுபடி போடத் தொடங்கினார்கள். நான் டியூட்டியில் இருக்கும் நேரம். எனக்கும் அடுத்த வீட்டு டோரீனுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் புதிதாக வீடியோ மெஷின் வாங்கியிருந்தார்கள். கெஞ்சிக் கேட்டேன், பிடித்து வைத்தாள். ஒரே ஒரு டேப்தான். சனிக்கிழமை அதன்மேலேயே அவள் புருஷன் ஃபுட்பால் பிடித்துவிடுவான். ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டால் போச்சு. அண்ணன் கத்தியது எந்த வாரத்துக் கதையில் என்று எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கத்தலை வெட்டியே எறிந்திருப்பார்களோ என்னவோ. சிரிப்பு எழும்பும்போதெல்லாம் கையைக் காட்டி டோரீனைப் பேசவிடாமல் அடக்குவேன். "உனக்கு அந்த வழுக்கையன்மேல் ஒரு கண், இல்லையா?" என்று அவள் கண்ணடித்தாள்.

ஆறாவது வெள்ளி. முதலாளி தொட்டியில் விழுந்தான். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. "ஒன்ஸ் மோர்!"

அண்ணன்! அவனேதான். அந்தக் குரலின் வால் அடங்குவதற்குள் இன்னொரு குரல்: "அய்ய, வாய மூடுண்ணா! மானம் போவுது!"

நான் அப்படிச் சொன்னதையே மறந்திருந்தேன். டோரீன் என் கன்னத்தைக் காட்டி, "பார், சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது உனக்கு!" என்றாள்.

மறுநாள் காலையில் என் டேப் ரெக்கார்டரை டோரீன் வீட்டு டெலிவிஷன் முன்னால் வைத்துப் பிடித்தேன். என் குரல் வராமல் நிறுத்திவிடலாம் என்று எத்தனையோ தரம் முயன்றேன். முடியவில்லை. அவன் "மோர்" முடிவதற்குள் என் "அய்ய" ஏறிவிடுகிறது. அதை வெட்டினால் அவன் குரலும் பாதியில் அறுகிறது. இனிமேல் வாய் திறந்து பேசவே முடியாதவனுக்கு, வாயை மூடு என்று நான் கத்தியதையா அனுப்புவது? அனுப்பாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அப்பன் குரல் இல்லை. பத்து மணிக்கு டோரீன் புருஷன் மெஷினண்டை வந்து நின்றுவிட்டான். வந்தது வரட்டும் என்று முழுசாகப் பிடித்து, கேசட்டைத் தபாலில் போட்டேன்.

அதற்கப்புறம் ஒரு மாசம் பதில் இல்லை. தபால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அண்ணன் என்னை வெறுத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

நேற்று கடிதம் வந்தது, அவன் கையெழுத்து. "ஸ்டெல்லா கேட்டாள். என் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், அந்தப் பொம்பள யாரு என்று கேட்டாள். லண்டன் அத்தை என்று எழுதிக் காட்டினேன். நம்பவில்லை. 'பொய் சொல்றே நைனா, இது நம்ம தெருல கீற யாரோ'ங்கிறாள். தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத்தான் போடச் சொல்கிறாள். நானும் கூட உட்கார்ந்து கேட்கிறேன். நீ திட்டுகிற இடம் வந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சத்தம்தான் வருவதில்லை."

சமையலறையில் நின்றபடியே படித்தேன். இந்த ஊரில் எங்கள் தெருப் பேச்சைப் பேசி எத்தனை வருஷமாயிற்று! யாரிடம் பேசுவது?

"கத்துண்ணா," என்றேன் வாய்விட்டு. "இன்னொரு வாட்டி கத்து."

சுவருக்கு அந்தப் பக்கம், டோரீன் வீட்டில், கூட்டம் கொல்லென்று சிரித்தது.