மருந்தையெல்லாம் குடித்துவிட்ட அண்ணன்

"உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அண்ணன் சொன்னான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. முந்தின நாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அணைக்காமல் விட்டுப்போன கணினி முன் உட்கார்ந்து, அவளைப் போலவே தட்டியிருக்கிறான்: 'எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனிப் பேச வேண்டாம்.' கணினி ஆட்டத்தில் அவளோடு சேர்ந்து ஆடும் 'ஆமை' உடனே தன் நண்பர் பட்டியலிலிருந்து அவளை நீக்கிவிட்டான்.

கண்ணாடிக் கடையில், பிரேமுக்குள் அடங்கும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவாள், இல்லையென்றால் கணினியில் அந்த ஆட்டம். ஐந்து பேர் சேர்ந்து குகைக்குள் போய் அரக்கனை அடிக்க வேண்டும். அடிபட்டவர்களுக்கு மருந்து கொடுப்பவள் என்பதால் குழுவுக்கு அவள் டாக்டரம்மா. கேடயம் பிடித்து முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குகிறவன் ஆமை. நிஜத்தில் லிப்ட் மெக்கானிக். அவனும் பொம்மைப் பைத்தியம். அரக்கன் செத்த பிறகும் இருவரும் மைக்கை அணைக்காமல் தூரிகையும் பேச்சுமாக இருப்பார்கள்.

நேரில் பார்க்கும்வரை போன் நம்பரோ நிஜப் பெயரோ கேட்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் விதி. முன்பு எவனோ ஒருவன் ஒரு பெண்ணைப் போனிலேயே துரத்தித் தொல்லை செய்ததால் வந்த விதி. இப்போது ஆமை ஆட்டத்துக்கும் வருவதில்லை; அதே விதியால் அவனைத் தேட அவளுக்கு வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொம்மைக் கடையில் முதன்முறையாகச் சந்திப்பதாகப் பேசி வைத்திருந்தது மட்டும்தான் மிச்சம்.

"யாரு எவன்னே தெரியாதவன். முகத்தையாவது பார்த்திருக்கியா?" என்று அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்க காட்டின மாப்பிள்ளைங்க முகத்தையெல்லாம் பார்த்தேனே அண்ணி. அது போதாதா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். கடையின் பின்பக்கம் வர்ணம் பூசுகிறவர்களுக்கென்று போட்ட நீள மேசை. ஓரத்தில், விரல் இடுக்குகளில் கிரீஸ் கறை போகாத ஒருவன் குனிந்து ஒரு குட்டிக் கேடயத்துக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தான்.

"டேய் ஆமை."

தூரிகை கீழே விழுந்தது. "டாக்டரம்மா! வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"பின்னே நீ எதுக்கு வந்த?"

"ஒருவேளை வந்துட்டா..."

"அன்னிக்குப் பேசினது நான் இல்ல. எங்க அண்ணன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"மைக் வேலை செய்யலைன்னு தட்டினாரு. சரின்னு குகைக்குள்ள போனோம். நான் அடிவாங்கிச் சாகறேன், அவரு பாட்டுக்கு இருந்த மருந்தையெல்லாம் தானே குடிச்சுட்டு நிக்கிறாரு. நீங்க அப்படிப் பண்ணவே மாட்டீங்களே. அதுக்கப்புறம்தான் கல்யாணச் சேதி வந்தது."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"தெரிஞ்சும் பட்டியல்ல இருந்து என்னை ஏன்டா தூக்கின?"

"வீட்டு ஆளுங்கன்னு புரிஞ்சுது. என்னால உங்களுக்குப் பிரச்சினை வேண்டாமேன்னு ஒதுங்கிட்டேன். உங்க நல்லதுக்குத்தான்..."

"வாயை மூடு!"

மேசையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அவனும் இதையேதான் சொன்னான். இஸ்திரி போட்டுக்கிட்டே சொன்னான். எனக்குப் பிரச்சினை வேணுமா வேண்டாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா ரெண்டு பேரும்? அவனாவது பயத்துல பண்ணான். நீ எல்லாம் தெரிஞ்சே பண்ணியிருக்க. அந்த வீட்டுல சண்டை போட்டுட்டு வந்து நிக்கிறேன் நான். நீ இங்க உட்கார்ந்து பச்சை அடிச்சுக்கிட்டு இருக்க!"

அவன் எழுந்து நின்றான். முகம் சுருங்கிப்போயிருந்தது. "தப்புதான். நான் கிளம்பட்டுமா?"

"பார்த்தியா? மறுபடியும் நீயே முடிவு பண்ற."

பக்கத்து நாற்காலியை இழுத்து, பையை அதன்மேல் தொப்பென்று போட்டாள்.

"உட்காரு. நான் இன்னும் திட்டி முடிக்கல."

அவன் உட்கார்ந்தான்.