பன்றித் தலை எந்தப் பக்கம் பார்க்கட்டும்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா மீனைத் தூக்கிப் பிடித்து, "தலையக் கொழம்புக்குப் போடட்டா, வாணாமா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. பிரான்ஸிலிருந்து மதாம் ஒதீல். "போன்ழூர் மிசே, உங்கள் தலையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்களா? வாய் திறந்தா, மூடியா?" என்றார். ஒரு காதில் தமிழ், ஒரு காதில் பிரெஞ்சு, இரண்டு பக்கமும் தலைதான். இரண்டு பேரிடமும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மீன்காரம்மா பொறுக்கவில்லை, தலையையும் சேர்த்துப் போட்டுவிட்டார். பிரான்ஸில் நான் இருக்கும் ஊரின் கடையில் மீனுக்குத் தலையே கிடையாது. முகம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் வெள்ளைத் துண்டாக ஐஸ் மேல் கிடக்கும். ஆனால் அதை வாங்கிப் போகிற மனிதரின் வீட்டுக் கூடத்தில் மானும் பன்றியும் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும். நாம் தலைக்காகப் பந்தியில் சண்டை போடுவோமே தவிர, அதைச் சுவரில் மாட்ட நமக்குத் தோன்றாது. இதில் எது விசித்திரம் என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு விளங்கவில்லை.

மதாம் ஒதீல், செத்த மிருகங்களைப் பாடம் செய்து கொடுப்பவர். அவர் கேட்டது நான் சுட்ட காட்டுப்பன்றியின் தலையைப் பற்றி. முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளிக்குப் பிறந்தவனுக்குப் பன்றி சுடும் யோகம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நம் ஊரில் பலருக்கு வந்த வழிதான். என் மனைவி சாந்தியின் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவளைக் கட்டியதால் எனக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. பாரிஸில் இடம் அமையாமல், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றிலும் காடு. அந்த ஊரிலேயே நாங்கள் ஒரு குடும்பம்தான் இந்த நிறம். பக்கத்து ரம்பத்தில் வேலை பார்த்த பெர்னார்தான் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார், பிறகு ஷாஸ் என்கிற வேட்டைக்குக் கூப்பிட்டார். சோளக்கொல்லையை நாசம் செய்யும் பன்றிகளைக் குளிர்காலத்தில் ஊரே கூடி வேட்டையாடும். பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, மூன்று குளிர்காலம் மரத்தடியில் விறைத்து நின்றதற்குப் பிறகு, போன மார்கழியில்தான் என் முதல் பன்றி விழுந்தது. முதல் பன்றியின் தலையைப் பாடம் செய்து கொடுப்பது கூட்டாளிகளின் வழக்கம். வேண்டாம் என்றால் அவர்களையே வேண்டாம் என்றது போல.

பாடம் செய்வதில் இத்தனை தினுசு உண்டு என்று எனக்குத் தெரியாது. கழுத்தோடு வேண்டுமா, தோள் வரைக்கும் வேண்டுமா? காதுகள் முன்னால் விறைத்தா, பின்னால் படிந்தா? வாயைத் திறந்து நாக்கும் பல்லும் தெரிய உறுமுகிறாற்போலா, மூடி அமைதியாகவா? முகம் இடப்பக்கம் திரும்பியா, வலப்பக்கமா? எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கேட்டது, "எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள்?" என்பது. அதற்கேற்ற அச்சை வரவழைத்துத் தோலைப் போர்த்திவிட்டால் பிறகு மாற்ற முடியாதாம். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெர்னார் விழுந்து விழுந்து சிரித்தார். ஐம்பது வயதில் அம்மாவின் அனுமதியா, உன் அம்மா அவ்வளவு கண்டிப்பானவரா என்று கேட்டார். அனுமதி இல்லை, அவர் எங்களோடு இருக்க வரப்போகிறார், அதனால் கேட்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதன் பிறகு என் அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொஞ்சம் பயத்தோடு பேசினார்.

இந்த முறை நான் புதுச்சேரிக்கு வந்ததே அம்மாவைக் கூட்டிப் போகத்தான். அப்பா போன பிறகு முத்தியால்பேட்டை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். கீழ்த்தளத்தில் அறை தயார். கூடத்தில் சன்னலோரம் ஒரு நாற்காலி, சாய்ந்தால் கால் வைக்கும் பலகை தானாக மேலே வரும். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது. அம்மாவின் வாய் மட்டும் "பாக்கலாம்" என்பதைத் தாண்டவில்லை. அந்தக் கூடத்தில்தான் பன்றித் தலையும் வர வேண்டும், வேறு சுவர் இல்லை. சாந்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அத்தை சரின்னா கூடத்துல மாட்டு. அவங்க பயந்தா கொட்டாய்லகூட வெக்கக் கூடாது." பெர்னாரோ ஞாயிறு தவறாமல் காப்பி குடிக்க வருகிறவர், முதலில் பார்ப்பது சுவரைத்தான். ஆக, பன்றியைப் பற்றி அம்மாவிடம் கேட்பதும், வருகிறாயா என்று கேட்பதும் ஒன்றாகிவிட்டது. கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மீன் பையோடு வீட்டுக்குப் போனபோது அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். மாமா புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார். பன்றியின் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"வாயத் தொறந்துதான் வெக்கணும் மாப்ள! நாக்கு வெளிய தொங்கணும், கோரப்பல்லு தெரியணும், கண்ணு செவசெவன்னு இருக்கணும். கண்திருஷ்டி ஒண்ணும் அண்டாது. பூசணிக்கா செலவு மிச்சம்" என்றார் மாமா.

"அய்யே, பன்னித் தலைய வூட்டுக்குள்ளயா மாட்டுவாங்க? அதுக்குக் கீழ ஒக்காந்து சோறு துன்ன முடியுமா?" என்று அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"ஏன், பெருமாளே எடுத்த அவதாரம்" என்று மாமா மடக்கினார்.

அம்மா மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார். "ஏண்டா, செத்ததுக்கு வாயத் தொறந்து வெப்பாங்களா? நாம தாடையக் கட்டித்தான அனுப்பறோம்?"

எனக்குச் சுரீரென்றது. அப்பாவின் தாடையைக் கட்டிய வெள்ளைத் துணியை நான் கைபேசியில்தான் பார்த்தேன். விமானமெல்லாம் நின்றிருந்த காலம். மாமாதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்கரிசி போட வந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாகத் திரையில் தெரிந்தன, அரிசி தெரிந்தது, அப்பாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். அன்றைக்கு நான் அழுதது போல் எப்போதும் அழுததில்லை. அதைப் பற்றி அம்மாவும் நானும் பேசிக்கொண்டதும் இல்லை. அதனாலேயே, பன்றி விழுந்த அன்றைக்கு நடந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றியது.

வேட்டை முடிந்து பன்றியைத் தேவதாரு இலைகளின் மேல் கிடத்தினார்கள். கொம்பு ஊதினார்கள். பெர்னார் ஒரு சின்னக் கிளையை ஒடித்துப் பன்றியின் வாயில் வைத்தார். 'தெர்னியேர் பூஷே' என்று பெயர், கடைசிக் கவளம். காட்டுக்குக் கொடுக்கும் மரியாதை. பிறகு இன்னொரு கிளையை ஒடித்துத் தன் தொப்பியின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். சுட்டவன் அதை எடுத்துத் தன் தொப்பியில் செருகிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கவளம் என்றதுமே என் மனம் எங்கோ போய்விட்டது. நான் பூட்ஸைக் கழற்றினேன். பனியில் காலுறையோடு போய்க் குனிந்து, என் கிளையையும் பன்றியின் வாயிலேயே வைத்தேன். அடுத்தவருக்கு வழி விட்டு ஒதுங்கிக் கை கட்டி நின்றேன். அடுத்தவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்ததும் காது சுட்டது. பெர்னார் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, மறுபடி ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று கூட்டம் மொத்தமும் வரிசையில் வந்து வைத்தது. ஏன் என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

சொல்லி முடித்தபோது மாமா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"எல்லாருமா போட்டாங்க?"

"எல்லாரும்மா."

"உன் மொகத்தப் பாத்துட்டா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

"வாய மூடச் சொல்லிடு. இறுக்கி மூட வாணாம், தூங்கற மாதிரி. பல்லு வெளிய தெரிஞ்சா தெரியட்டும், அது அதோட பல்லு" என்றார் அம்மா. பிறகு கூடத்தின் படத்தைக் காட்டச் சொன்னார். வாசல் எது, சுவர் எது என்று கேட்டுக்கொண்டே வந்தவர் சன்னலோர நாற்காலியில் விரலை வைத்தார். "இது யாருது?"

"ஒனக்குத்தாம்மா."

படத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்ப வாசப்பக்கமே பாக்கட்டும்டா, வர்றவங்களப் பாக்கட்டும். நான் ஒக்காந்திருக்கும்போது என்னையே உத்துப் பாத்துக்கினு இருந்தா எனக்குக் கூச்சமா இருக்கும்."

நான் ஒக்காந்திருக்கும்போது! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். மாடிக்கு ஓடி மதாம் ஒதீலைக் கூப்பிட்டேன். வாய் மூடி, காது படிந்து, முகம் இடப்பக்கம் வாசலை நோக்கி. "அப்படியானால் சாதுவான பன்றி" என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அன்று மாலையே அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்க நேரு வீதிக்குப் போனேன். இந்த வெயிலில் ஸ்வெட்டரா என்று கடைக்காரர் சிரித்தார், எனக்கும் சிரிப்புதான்.

டிக்கெட் போடலாம் என்று உட்கார்ந்த இரவு, அம்மா எனக்கு மீன்குழம்பு ஊற்றியபடியே, "ஒனக்கு மட்டும் போடு" என்றார். நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"கோவப்படாத. உன்னத் தனியா உட்டுட்டமேன்னுதான் நான் வர்றதா இருந்தேன். நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அந்தக் காட்டுல யாரு இருக்கான்னு ராத்திரில தூக்கம் வராது. இப்ப வருதுடா. உன் மொகத்தப் பாத்துட்டு ஒரு பன்னிக்கே வரிசையா நின்னு வாய்க்கரிசி போட்டிருக்காங்க. ஒனக்கு ஆளு இருக்கு. எனக்கு ஆளு இங்கதான் இருக்கு. நான் இங்கயே இருக்கறன்."

அந்தக் கதைதான் அம்மாவை வரச் சம்மதிக்க வைத்தது என்று நினைத்திருந்தேன். அதுவே அவரை இங்கே இருக்க வைத்துவிட்டது. கெஞ்சினேன், கோபப்பட்டேன், அக்காவைப் பேசச் சொன்னேன். அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். ஸ்வெட்டரைச் சாந்திக்கு எடுத்துப் போகச் சொன்னார். பிரான்ஸுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அம்மா மேல் கோபம். அவர் சொன்னது பொய்யில்லை என்பதால் கோபம் இன்னும் அதிகமானது.

தலை தயாராகிக் கோடையில்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்னாரே தூக்கிக்கொண்டு வந்து, மட்டம் பார்த்து மாட்டினார். வாய் மூடி, வாசலைப் பார்த்து, அசதியில் நின்ற பிராணி போல இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாந்தி அதன் நெற்றியில் துளி விபூதி வைத்தாள். சுண்ணாம்புத் தூசி என்று நினைத்துப் பெர்னார் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். அவள் மறுபடி வைத்தாள். இம்முறை அவர் மெர்சி என்று நன்றி சொன்னார். அம்மாவுக்கு வீடியோ போட்டேன்.

"நல்லா இருக்குதுடா. பாவமா இருக்குது" என்றார் அம்மா. "அவரு ஏன் நிக்கறாரு? அந்த நாற்காலி சும்மாதான கெடக்குது? ஒக்காரச் சொல்லு."

சொன்னேன். பெர்னார் தயங்கினார். அந்த நாற்காலியில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். "அது உன் அம்மாவுடையது ஆயிற்றே" என்றார்.

"அம்மாதான் சொல்கிறார்" என்றேன்.

விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். முத்தியால்பேட்டையில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாமல் இருவரும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டார்கள். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். பன்றி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.