ஆப்புக்காரர் செய்த கல்லெறிபொறி

டாங்கி செய்தவர் அவர். போர் விமானமும் செய்தார். ஒரு முழுப் படையையே செய்து மைதானத்தில் வரிசையாக நிறுத்தியவர். ஆனால் அவர் கையால் செய்த எந்த ஆயுதமும் ஒரு கொசுவைக்கூடக் கொன்றதில்லை. அதுதான் அந்த மனுஷனுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

தொழில் தச்சு வேலை. ஆணி அடித்தால் மரம் பிளக்கும் என்று சொல்லி, எந்த இணைப்பையும் சின்ன மர ஆப்பு வைத்தே இறுக்குவார். அதனால் ஊரில் ஆப்புக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயரை அவர் மனைவி மட்டும்தான் அறிவாள். அவளும் வாயால் சொன்னதில்லை.

மீசை அரும்பும் வயதில் போர் வந்தது. துப்பாக்கி தூக்கி நிற்கலாம் என்று ஆசை ஆசையாகப் போய் வரிசையில் நின்றார். உளி பிடித்துக் காய்த்துப்போன கையைப் பார்த்ததும் அவரைத் தனியே இழுத்துவிட்டார்கள். பொய்ப்படை என்று ஒரு பிரிவு இருந்தது. மரச்சட்டம், சாக்குத்துணி, பெயின்ட் மூன்றையும் வைத்து டாங்கி செய்ய வேண்டும். மேலே பறக்கிற எதிரி விமானிக்கு அது நிஜ டாங்கியாகத் தெரிய வேண்டும். அவன் ஏமாந்து அதன்மேல் குண்டைப் போட்டுவிட்டுப் போனால், நிஜ டாங்கிகள் வேறெங்கோ தோப்புக்குள் பத்திரமாக நிற்கும். யுத்தத்தில் இதுவும் ஒரு வேலை.

ஆப்புக்காரர் சும்மா செய்யவில்லை, உயிரைக் கொடுத்துச் செய்தார். சக்கரத்துக்குச் சேறு பூசினார், குழல் நுனியில் புகைக்கரி தடவினார், பக்கவாட்டில் துரு வழிந்தது போலக் கோடு இழுத்தார். பிரிவின் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிக்காத சாமான் ஒண்ணுகூட இந்தப் பட்டறையை விட்டு வெளிய போகக் கூடாது" என்றார். அந்தச் சொல் ஆப்புக்காரரின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

செய்து நிறுத்தியாயிற்று. இனி குண்டு விழ வேண்டும். விழவில்லை. எதிரி விமானம் வரும், தலைக்கு மேல் ஒரு வட்டம் அடிக்கும், போய்விடும். ஒருநாள் ஒரு மாடு வந்து அவர் செய்த டாங்கியில் முதுகைச் சொறிந்துகொண்டது. டாங்கி குப்புற விழுந்தது. மாடு பயந்துகூடப் போகவில்லை, அங்கேயே நின்று சாக்குத்துணியை மென்றது. பக்கத்துக் குன்றில் இன்னொரு பிரிவுக்காரன் ஓட்டை ஒடிசலாக ஒரு விமானம் செய்து வைத்திருந்தான். இறக்கை ஒரு பக்கம் தொங்கும். அதன்மேல் போய் விழுந்தது குண்டு! அவனுக்குப் பாராட்டு, கைகுலுக்கல், படம் பிடித்தல். ஆப்புக்காரர் அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"கண்ணு பொட்டையா அவனுங்களுக்கு? இவ்வளவு அழகா ஒரு டாங்கி நிக்குது, அதுமேல போட மனசு வரலையே!" என்று வானத்தைப் பார்த்துத் திட்டினார்.

யுத்தம் முடிந்தது. திரும்பி வந்தவருக்குப் படைக் காட்சியகத்தின் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே கதைதான். பழைய காலத்து வாள் செய்வார், வெட்டாது. கேடயம் செய்வார், மழையில் நனைந்தால் ஊறிப்போகும். விமானத்துக்குச் சுழலி செய்வார், காற்றடித்தாலும் சுற்றாது. எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும். முடி நரைத்து, பல் ஆடுகிற வயது வந்தும் செய்தது எல்லாம் பொய்ச் சாமான்தான்.

மனைவி வாய்க்காரி. வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள்.

"ஊர்ல இருக்கற ராஜாவுக்கெல்லாம் கத்தி செஞ்சு குடுத்தீங்களே, எனக்கு ஒரு அரிவாமணை செஞ்சு குடுத்தீங்களா?"

"அது காட்சிக்குடி."

"நீங்களும் காட்சிக்குத்தான்."

இப்படி இருக்கும்போது காட்சியகத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி அம்மா வந்தார். சுறுசுறுப்பானவர், கெட்டவர் இல்லை. பழங்காலப் போர்க் கூடத்துக்கு வெளியே, புல்தரையில், கோட்டைச் சுவரை உடைக்கிற கல்லெறிபொறி ஒன்றை முழு அளவில் நிறுத்த ஆசைப்பட்டார். ஒரு படத்தைக் கொண்டுவந்து ஆப்புக்காரரிடம் காட்டினார்.

அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டால், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்றமரம் மாதிரிதான். உயரமான இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு நீண்ட மரம். அதன் குட்டை முனையில் கனமான பெட்டி. நீள முனையில் ஒரு கவண். கவணின் ஒரு கயிறு மரத்தோடு கட்டியிருக்கும். இன்னொரு கயிற்றின் நுனியில் ஒரு வளையம். அந்த வளையத்தை மரத்தின் உச்சியில் இருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டி, கவணுக்குள் கல்லை வைக்க வேண்டும். பெட்டியை விட்டால் அது கீழே இறங்கும், நீள முனை வானத்துக்குத் துள்ளும், சரியான நொடியில் வளையம் கொக்கியிலிருந்து வழுக்கும், கல் பறக்கும். அந்தக் காலத்து ஆட்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை.

"பெட்டிக்குள்ள தெர்மோகோல் வெச்சிடுங்க மேஸ்திரி. வெளிய மட்டும் கல்லு மாதிரி தெரிஞ்சா போதும்" என்றார் அதிகாரி அம்மா.

"தெர்மோகோல் கல்லை எறியாது மேடம்."

"யாரு எறியச் சொன்னா?"

"எறியலைன்னா அதுக்குப் பேரு கல்லெறிபொறி இல்ல மேடம். துணி காயப்போடற கம்பம்."

அதிகாரி அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆப்புக்காரர் சிரிக்கவில்லை. இந்த ஒன்றாவது வேலை செய்ய வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார். சாகிறதுக்குள் தன் கையால் செய்த ஒரே ஒரு ஆயுதமாவது நிஜமாக எறிய வேண்டும்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. குழம்புக் கரண்டியை நாற்காலி முதுகில் கட்டி, ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டு, உருளைக்கிழங்கை எறிந்து பார்த்தார். ஒன்று சுவர்க் கடிகாரத்தில் பட்டது. இன்னொன்று சோற்றுப் பானைக்குள் விழுந்தது.

"அடுத்தது என் மண்டைதானே?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் தள்ளி நில்லேன். குறி தவறுது."

"நான் தள்ளி நின்னா சோறு யாரு ஆக்குவா? கோட்டையை உடைக்கறாராம் கோட்டையை! முதல்ல அந்தக் கொடிக்கம்பி அறுந்து தொங்குதே, அதைக் கட்டுங்க."

கம்பியை அவர் கட்டவில்லை. பட்டறையில் மரம் அறுத்தார், துளை போட்டார், மூட்டு மூட்டாக ஆப்பு வைத்து இறுக்கினார். பெட்டிக்குள் தெர்மோகோல் வைக்கவில்லை. மணலையும் உடைந்த இரும்பையும் திணித்தார். அதிகாரி அம்மா ஒருநாள் பெட்டியைத் தட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"மேஸ்திரி, இது யார் தலையிலயாவது விழுந்தா நான் ஜெயிலுக்குப் போகணும்!"

"ஒரே ஒருவாட்டி எறிஞ்சு பாக்கறேன் மேடம். அப்புறம் நீங்க சொன்ன மாதிரி தெர்மோகோலே வெச்சிடறேன். கடையாணி அடிச்சு ஆடாம நிறுத்திடறேன். ஒருவாட்டி."

அவர் முகத்தைப் பார்த்தால் கல்லும் இரங்கிவிடும். அதிகாரி அம்மாவும் இரங்கினார். காட்சியகத்துக்கு வார விடுமுறை நாளில், பின்பக்கத்துக் காலி மைதானத்தை நோக்கி, எல்லாரும் தூரத்தில் நின்றுகொண்டு, ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

அந்த நாளும் வந்தது. மனைவி வரமாட்டேன் என்றாள், பிறகு புடவை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். தோட்டக்காரன் மண்வெட்டியோடு வேடிக்கை பார்க்க வந்தான். பூசணிக்காய் அளவு கல்லை ஆப்புக்காரரே தூக்கிக் கவணில் வைத்தார். வளையத்தைக் கொக்கியில் மாட்டினார். 

"எங்க போய் விழும் அண்ணே?" என்று தோட்டக்காரன் கேட்டான்.

"அந்தா தெரியுது பாரு மதில், அதுக்கு இந்தப் பக்கம்."

பெட்டியைப் பிடித்திருந்த பூட்டுக் கயிற்றை இழுத்தார். பெட்டி 'தொம்' என்று இறங்கியது. மரம் முனகிக்கொண்டு எழுந்தது, கவண் பின்னாலிருந்து சுழன்று உச்சிக்குப் போனது. ஆகா! அந்த ஒரு கண நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி இருந்ததில்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

ஆனால் வளையம் வழுக்கவில்லை. கொக்கியைப் பிடித்துக்கொண்டே நின்றது. கல் கவணோடு சேர்ந்து ஒரு முழு வளைவு வளைந்து, பொறிக்கு முன்னால், கூப்பிடு தூரம்கூட இல்லை, அதன் காலடியில் வந்து இறங்கியது. பூமி அதிர்ந்தது. புல்லும் மண்ணும் எல்லார் முகத்திலும் தெறித்தன. நீள மரத்தில் 'சடக்' என்று ஒரு விரிசல்.

 மனைவியின் குரல்தான் முதலில் கேட்டது. "அடி ஏதாவது பட்டுச்சாங்க?"

 ஆப்புக்காரர் ஏணியை இழுத்துப் போட்டு மேலே ஏறினார். கொக்கியைத் தடவினார். விரல் ஒட்டிக்கொண்டது. கறுப்புப் பெயின்ட். பழைய இரும்பு மாதிரி தெரிய வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் தானே இரண்டு பூச்சு பூசியிருந்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பெயின்ட் அடிக்காமல் எதையும் பட்டறையை விட்டு அனுப்பி அந்தக் கைக்குப் பழக்கமில்லை. காயாத பெயின்டில் வளையம் சிக்கிக்கொண்டது.

ஏணி மேலேயே நின்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "பொய்ச் சாமான் செஞ்ச கை! பொய்ச் சாமான் செஞ்ச கை!"

"இறங்கி வாங்க. ஏணியில நின்னு ஆடாதீங்க" என்றாள் மனைவி.

"இன்னொருவாட்டி மேடம். பெயின்டைச் சுரண்டிட்டா போதும்."

"மரம் விரிசல் விட்டிருக்கு மேஸ்திரி. ஒருவாட்டின்னுதானே பேச்சு?" என்றார் அதிகாரி அம்மா. அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. இருந்து என்ன செய்ய? முடியாது என்றால் முடியாதுதான்.

மணலும் இரும்பும் வெளியே போயின. தெர்மோகோல் உள்ளே வந்தது. விரிசலுக்குப் பட்டை அடித்தார். கடையாணி போட்டு ஆடாமல் நிறுத்தினார். சொன்ன சொல்லை மீறவில்லை. ஆனால் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் அடுத்த கூத்து. தோட்டக்காரன் கல் விழுந்த குழிக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஆப்புக்காரர் பட்டறையிலிருந்து ஓடிவந்தார்.

"டேய், என்னடா பண்ற?"

"குழியை மூடறேன் அண்ணே. விருந்தாளிங்க கால் இடறிடும்னு மேடம் சொன்னாங்க."

"அதை மூடாதே."

"வெறும் குழிதானே அண்ணே?"

"வெறும் குழியா? என் கையால செஞ்ச சாமான் இந்தப் பூமியில போட்ட ஒரே அடி அதுதான்டா! யுத்தம் முழுக்கக் காத்துக் கிடந்தேன், ஒரு குண்டு விழல. இத்தனை காலம் கழிச்சு ஒரு குழி விழுந்திருக்கு, அதையும் மூடறேங்கற!"

மண்வெட்டியைப் பிடுங்கினார். தோட்டக்காரன் விடவில்லை. இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி அம்மா வந்து, "மேஸ்திரி, நான் என்ன பண்றது? அமைச்சர் வர்றார், குழியைக் காட்டவா முடியும்?" என்றார். கடைசியில் குழியில் மண் விழுந்தது. மேலே புல் பத்தையை வைத்து மிதித்து, அதற்கும் மேலே ஒரு பெரிய பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

விழாவன்று கூட்டமான கூட்டம். ஆப்புக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வழிகாட்டிப் பெண் குச்சியை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "இது நிஜமாவே எறியுமா?"

"இல்லைங்க சார். இது பார்வைக்கு வெச்சிருக்கிற மாடல்தான்."

ஆப்புக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். இனி பேசமாட்டேன் என்று அதிகாரி அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்ததே. 

மனைவி எந்த வாக்கும் கொடுத்தவள் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக முன்னால் போனாள்.

"யாரும்மா சொன்னது எறியாதுன்னு? என் கண்ணால பாத்தேன். வானத்துக்கும் பூமிக்குமா எழுந்துச்சு. அந்தப் பாழாப்போன கொக்கி மட்டும் பிடிச்சுக்கலைன்னா, உங்க மதில் இன்னைக்கு இருந்திருக்காது!"

வழிகாட்டிப் பெண் விழித்தாள். கூட்டம் சிரித்தது. கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்காமல், "கல்லு எங்கம்மா விழுந்துச்சு?" என்றார்.

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பூந்தொட்டியைத் தள்ளினாள். அது நகர மறுத்தது. காலையும் கொடுத்து உந்தினாள். அதிகாரி அம்மா தூரத்திலிருந்து கையை ஆட்டினார். இவள் பார்க்கவில்லை. தொட்டி ஒரு சாண் நகர்ந்தது. புதுப் புல் பத்தை ஓரத்தில் மண் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது.

"இந்தா, இங்கதான்!" என்று மிதித்துக் காட்டினாள்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அமைச்சரும் எட்டிப் பார்த்தார்.

அதற்கு மேல் ஆப்புக்காரரால் பொறுக்க முடியவில்லை. சலவைச் சட்டையோடு கூட்டத்துக்குள் புகுந்து, மனைவியின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்.

"அங்க இல்லடி. இன்னும் தள்ளி. இதோ, இங்க. ஒண்ணைச் சொன்னா ஒழுங்காச் சொல்லத் தெரியாது உனக்கு!"